அத்தான் வாங்கிய மூணு பின் பிளேயர்

எங்கள் அத்தான் லிஃப்ட் மெக்கானிக். அக்காவின் கணவர் என்பதால் மரியாதையாக எழுத வேண்டும், முயற்சி செய்கிறேன். ஆள் தங்கமானவர். ஆனால் ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால் இறங்கவே இறங்காது. உயரமான ஒரு குடியிருப்பின் உச்சி மாடியில், லிஃப்ட் மோட்டார் அறையை ஒட்டினாற்போல் இருக்கிறது அவர் வீடு. கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் படுக்கையறைச் சுவர் உறுமும். வேறு யாரும் அங்கே குடிவர மாட்டார்கள் என்பதால் லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கே அந்த வீட்டை ஒதுக்கிவிட்டார்கள். அவருக்கு அந்த உறுமல் தொந்தரவே இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கையை நிறுத்துவார். "ஏழாவது மாடில கதவு உரசுது" என்பார். அப்புறம் சாப்பிடுவார்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அதனால் அத்தானுடைய எல்லாக் கிறுக்குத்தனத்துக்கும் நான்தான் துணை. "மச்சான் இருக்கானே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். எனக்கு வேறு வேலை இருக்குமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அக்கா கோரஸ் பாடிக்கொண்டிருந்தவள். ஒலிப்பதிவுக் கூடங்களில் பெரிய பாடகி நடுவில் நிற்க, பின்னால் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஆ என்றும் ஓ என்றும் இழுப்பார்களே, அந்த எட்டில் ஒருத்தி. அத்தானைப் பார்த்ததும் அங்கேதான். எட்டுப் பேரும் லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள். இவர் போய்க் கதவை நெம்பித் திறந்தார். முதலில் வெளியே குதித்த அக்கா நன்றிகூடச் சொல்லவில்லை, "எவ்வளவு நேரம்யா?" என்று எரிந்து விழுந்துவிட்டு மாடிப்படியில் ஓடினாள். அத்தான் அந்தத் திட்டிலேயே விழுந்துவிட்டார்.

வீட்டில் அவள் பாடுவதைக் கேட்டால் சிரிப்பு வரும். கோரஸ்காரிக்கு முழுப் பாட்டு எங்கே தெரியும்? காய் நறுக்கிக்கொண்டே தன் இழுப்பை இழுப்பாள். பிறகு பெரிய பாடகி பாடி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவாள். மறுபடி தன் இடம் வந்ததும் சரியாக எடுப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பாட்டு விட்டுவிட்டு வருகிறது, ரேடியோ ரிப்பேரா என்று கேட்டதுண்டு.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள், இல்லைதான். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு செத்துவிட்டது. இப்போது அவள் பேசினால் காற்றும் கரகரப்பும் கலந்து வரும், பக்கத்தில் போனால்தான் புரியும். நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். "சத்தம் போடாதீங்கனு எனக்கு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க" என்று அவளே கேலி செய்துகொள்வாள். அவள் கேலி செய்தாள் என்பதற்காக எங்களுக்கு வலிக்காமல் இருந்துவிடுமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டைமாடியில் அத்தான் என்னிடம் சொன்னார்:

"மாப்ளே, உங்க அக்கா குரல் எனக்கு மறந்துட்டு வருது."

"என்ன அத்தான் பேசறீங்க?"

"நெஜமாதான் சொல்றேன். முன்னாடி என்னை எப்படிக் கூப்பிடுவானு யோசிச்சுப் பார்த்தா, இப்பக் கூப்பிடற மாதிரிதான் கேக்குது. பழைய குரல் வரவே மாட்டேங்குது."

நானும் மனதுக்குள் முயன்று பார்த்தேன். சின்ன வயதிலிருந்து என்னை அதட்டி, கொஞ்சி, வாசலில் நின்று கூவிக் கூப்பிட்ட குரல். எனக்கும் வரவில்லை.

எங்கேயும் பதிவு இல்லையா என்று கேட்பீர்கள். போனில் இருந்ததெல்லாம் அந்தப் போனோடு போயிற்று. கல்யாண வீடியோவில் அவள் வாய் அசைகிறது, பேசுவது கேட்கவில்லை. முழுக்க முழுக்க எவருடைய பாட்டையோ மேலே போட்டு நிரப்பியிருக்கிறான் வீடியோக்காரன். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால் தெரியும். மிஞ்சியது ஒரே ஒரு சிடி. அக்கா பாடியவற்றில் சிடியாக வந்தது அது ஒன்றுதான். உறையில் பெரிய பாடகியின் படம் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் "மற்றும் குழுவினர்" என்று இருக்கிறது. அந்தக் குழுவினரில் ஒருத்தியைத் தனியாகக் கேட்டுவிட வேண்டும், சாவதற்குள் ஒருமுறையாவது கேட்க வேண்டும் என்பதுதான் அத்தானின் மண்டையில் ஏறிய விஷயம். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். சொன்னால் அழுவாளாம்.

அவரிடம் இருந்த சாதாரண பிளேயரில் கோரஸ் மொத்தமும் ஒரே போர்வையாகத்தான் கேட்டது. அப்போதுதான் அவர் அக்காவைப் பார்த்த அந்த ஒலிப்பதிவுக் கூடத்தை மூடினார்கள். அங்கே இருந்த வயதான சவுண்ட் இன்ஜினியர், தான் காலமெல்லாம் கேட்டு வேலை செய்த ஸ்பீக்கர் ஜோடியை அத்தானுக்குக் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா கொடுத்திருக்கலாம். "இதுல கேட்டா எட்டுப் பேரையும் தனித்தனியா எண்ணிடலாம்" என்று வேறு சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அத்தானை யார் பிடிப்பது?

ஸ்பீக்கர் வந்தது. பின்னால் பார்த்தால் வீட்டு ஒயர் சொருகுகிற துளையே இல்லை. மைக்குக்கு இருப்பதுபோல் மூன்று பின் செருகும் வட்டத் துளைதான் இருந்தது. அத்தான் எதையோ எதோடோ இணைத்து ஒரு ஒயர் தயாரித்துப் பாட்டைப் போட்டார். பாட்டு வந்தது, கூடவே உர்ர்ர் என்று லிஃப்டும் வந்தது. மோட்டார் ஓடும்போதெல்லாம் ஒயர் அந்த இரைச்சலை வாங்கிக்கொண்டு போய் ஸ்பீக்கரில் கொட்டியது. சரியாகக் கோரஸ் ஆரம்பிக்கும் இடத்தில் எவனாவது பால் வாங்கக் கீழே போவான்.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? பாட்டுக் கேட்கும் நேரத்தில் கீழே லிஃப்ட் கதவில் "பழுது பார்க்கப்படுகிறது" என்று பலகையை மாட்டிவிட்டார். கட்டடம் முழுக்க மூச்சு வாங்கிப் படியேறியது. ஒருநாள் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அம்மா இரண்டு கையிலும் பைகளோடு உச்சி மாடிவரை ஏறி வந்து விட்டார், என்ன பழுது என்று பார்க்க. இவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.

"இதுதான் ரிப்பேரா?" என்றார் அந்தம்மா.

வேலையே போயிருக்கும். அக்கா தன் காற்றுக் குரலில் மன்னிப்புக் கேட்டாள். சரியாகக் காதில் விழாததால் அந்தம்மா குனிந்து குனிந்து கேட்டார். கேட்டுக் கேட்டே அவர் கோபம் ஆறிவிட்டது.

"இனிமே இந்த ஒயர் ஆகாது" என்றார் அத்தான். "பேலன்ஸ்டு அவுட்புட் இருக்கற பிளேயர்தான் வாங்கணும்."

"அப்படின்னா?"

"லிஃப்ட் மேல போனா எடைக்கல் கீழ வருதுல்ல?"

"வருது."

"அதேதான். ஒரே பாட்டு ரெண்டு கம்பில போகும். ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணு இறங்கும். மூணாவது சும்மா தரை. வழில மோட்டார் இரைச்சல் நுழைஞ்சா ரெண்டையும் ஒரே பக்கமா ஆட்டும். அந்தக் கடைசில ஸ்பீக்கர் ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கும். ஒரே மாதிரி ஆடினது கழிஞ்சு போயிடும். பாட்டு மட்டும் நிக்கும்."

புரிந்தமாதிரி தலையாட்டினேன். உண்மையில் கொஞ்சம் புரிந்தும்விட்டது. எரிச்சலாக இருந்தது.

முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடி அறை, சோபா, குளிர். டை கட்டிய விற்பனையாளர் மெல்லிய பிளேயர் ஒன்றைக் காட்டினார். பின்னால் மூன்று பின் துளை இருந்தது. அத்தான் தொடக்கூட இல்லை. "மூடியைத் திறந்து காட்டுங்க" என்றார்.

"திறக்க முடியாதுங்க சார். பின்னாடிதான் இருக்கே, பேலன்ஸ்டு."

"பின்னாடி இருக்கு. உள்ள இருக்கா?"

சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் காற்று போகிற துளைகளில் அடித்து, ஒற்றைக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு மானம் போயிற்று. வெளியே வந்ததும் சொன்னார்: "உள்ள ஒரே வழிதான் மாப்ளே. கடைசில ஒரு சின்னச் சில்லு வெச்சு ரெண்டாப் பிரிச்சு அனுப்பறான். வாசல்ல ரெண்டு கதவு, உள்ள ஒரே ரூம்."

"இரைச்சல் போகுமா போகாதா?"

"போகும்."

"அப்புறம் என்ன கேடு? வாங்கித் தொலைக்க வேண்டியதுதான்?"

"அந்தச் சில்லுல கொஞ்சம் போனாலும் போகும்ல? அந்தக் கொஞ்சத்துல அவ இருந்துட்டா?"

என் கடையில் கண் சோதிக்கும்போது இது தெளிவா, அது தெளிவா என்று கண்ணாடியை மாற்றி மாற்றிக் காட்டுவோம். ஒரு கட்டத்துக்கு மேல் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சிலர் விடமாட்டார்கள், இன்னும் ஒன்று போட்டால் இன்னும் தெரியும் என்று உட்கார்ந்தே இருப்பார்கள். அத்தான் அப்படி ஆகிவிட்டார். எத்தனை கடை ஏறி இறங்கினோம் என்று என் செருப்பைத்தான் கேட்க வேண்டும்.

கடைசியில் பழைய ஆடியோ சாமான் வாங்கி விற்கும் ஒருவரிடம் போனோம். ஊர் அவரைப் பஞ்சுக்காது என்று கூப்பிட்டது. எப்போதும் இரண்டு காதிலும் பஞ்சு. பாட்டுக் கேட்கும்போது மட்டும் எடுப்பார், தெருச் சத்தத்துக்குக் காதைச் செலவழிக்க மாட்டாராம். எனக்கு அவரைப் பார்த்ததும் பயமாகிவிட்டது, அத்தானுக்குச் சரியான ஜோடி.

அவர் கேட்காமலே மூடியைக் கழற்றினார். இரண்டு கை கொண்டு தூக்க வேண்டிய கனம். உள்ளே இடப்பக்கம் எப்படியோ அப்படியே வலப்பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி. அத்தான் குனிந்து பார்த்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் முகம் இப்படி மலர்ந்ததில்லை.

"சின்ன ரூமுக்கு, சின்ன ஒயருக்கு இவ்வளவு தேவையே இல்லை" என்றார் பஞ்சுக்காது.

"மோட்டார் ரூம் பக்கத்துல வீடு."

"ஓ. அப்ப சரி. என்ன கேப்பீங்க?"

அத்தான் சிடியைக் கொடுத்தார். பஞ்சுக்காது பஞ்சை எடுத்தார். தட்டு மெதுவாக வெளியே வந்து சிடியை வாங்கிக்கொண்டு போனது. பாட்டு முடிந்ததும் கேட்டார்:

"நல்ல பதிவு. இதுல எதைத் தேடறீங்க?"

"எட்டுப் பேர்ல ஒருத்தி."

பஞ்சுக்காது அத்தானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சிடில இருக்கறதை இது சுத்தமாக் குடுக்கும். கலந்ததைப் பிரிச்சுக் குடுக்காதுங்க. எந்த மிஷினும் குடுக்காது."

"தெரியும்" என்றார் அத்தான். தெரிந்த முகமாக இல்லை. விலையை நான் இங்கே எழுதப் போவதில்லை, அக்கா படிப்பாள்.

ஒயரை அவரே செய்கிறேன் என்றார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மச்சான் நான் இருக்கிறேன். கிட்டத்தில் படிக்க லென்ஸ் மாற்றுங்கள் என்று இவரிடம் மன்றாடாத நாளில்லை. "டெஸ்டெல்லாம் எதுக்கு, எனக்கு நட்டு தெரியுது, போல்ட்டு தெரியுது" என்பார். அந்த மூன்று பின்னுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எறும்புக்கால் அளவில் எண் போட்டிருக்கும். அதைப் பார்த்து ஈயம் பற்றவைக்க வேண்டும். பற்றவைத்தார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அடுத்த நாள் மத்தியானமே போன் வந்தது. "உடனே வா." அத்தான்தான். கடையை அடைத்துவிட்டு ஓடினேன்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. லிஃப்டும் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில் துளி இரைச்சல் இல்லை. அதைவிடப் பெரிய அதிசயம், எப்போதும் நடுவில் நின்று எல்லாரையும் மறைக்கும் பெரிய பாடகி எங்கேயோ தூரமாய்ப் போயிருந்தார். கோரஸ் அறை முழுக்க அகன்று முன்னால் வந்திருந்தது. அத்தான் இடது பக்கம் கையை நீட்டினார். அங்கே ஒரு பெண் குரல், மெல்லியது, உயரத்தில் ஏறி நின்று லேசாக நடுங்கியது.

"அவதான்" என்றார் அத்தான். கன்னத்தில் கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. "கிடைச்சுட்டா மாப்ளே."

அவள்தான் என்று நானும் நம்பினேன். நம்ப வேண்டும் போல அவ்வளவு ஆசையாக இருந்தது.

நூலகத்தில் அன்று அரைநாள். அக்கா உள்ளே வந்து பையைக்கூட இறக்காமல் நிலைப்படியில் நின்றாள். நின்று கேட்டாள். முகத்தைச் சுளித்தாள். கிட்டே வந்து அவள் சொன்னதைக் கேட்க அத்தான் பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது.

"ஒரு பக்கம் தலைகீழா இருக்கு, ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது. ஒரு ஒயர்ல பின்னை மாத்திப் பத்தவெச்சிருக்கீங்க. நடுவுல இருக்க வேண்டிய பாட்டு கரைஞ்சு போகுது, தெரியலையா?"

"ஆனா இந்தப் பக்கம் உன் குரல் கேட்டுச்சே" என்றேன் நான். சத்தியம் காற்றில் போயிற்று.

"எந்தக் குரல்?"

அத்தான் மறுபடி போட்டுக் காட்டினார். அக்கா சிரித்துவிட்டாள். "அது நெட்டைச்சி. உச்சிக்குப் போனா நடுங்குவா, எப்பவும் திட்டு வாங்குவா. நான் அவ பக்கத்துல நிக்கறேன்."

அத்தான் ஒயரைக் கழற்றினார். நான் போட்டிருந்த படிக்கிற கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார். பின்னைச் சரியாக மாற்றிப் பற்றவைத்துச் செருகினார். பெரிய பாடகி கம்பீரமாக நடுவுக்குத் திரும்பி வந்தார். கோரஸ் பழையபடி பின்னால் போய் ஒன்றாகிவிட்டது. போர்வைதான், முன்னைவிடச் சுத்தமான போர்வை.

"இதுல நீ எங்க இருக்க?" என்று கேட்டார் அத்தான்.

"தெரியக் கூடாதுங்க. எட்டுப் பேரும் ஒரு ஆளாட்டம் கேக்கணும், அதுக்குத்தான் எங்களைக் கூப்பிடறது. என்னைத் தனியா கேட்டிருந்தா அன்னைக்கே இன்னொரு டேக் எடுத்திருப்பாங்க."

"எனக்கு உன்னை மட்டும் கேக்கணும்."

அக்கா கையிலிருந்த பையை இறக்கி வைத்தாள். பிளேயரைப் பார்த்தாள், ஸ்பீக்கரைப் பார்த்தாள். இந்த மாதமெல்லாம் இவர் எதைத் தேடி அலைந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. "இதுக்கா?" என்றாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிப் போடுங்க" என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கோரஸ் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் மூச்சை இழுத்தாள். அதன்பின் பாடினாள், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக. அதைப் பாட்டென்று வெளியாள் யாரும் சொல்ல மாட்டான். கரகரவென்று காற்றுதான் வந்தது, சில ஸ்வரம் பாதியில் உடைந்தது, சில வரவே இல்லை. மேலே போகிற குரலும் அவளுடையது இல்லை, கீழே தாங்குகிற குரலும் இல்லை. நடுவில் யாரும் கவனிக்காத ஒரு வரி. அந்த உடைந்த வரியைப் பிடித்துக்கொண்டே ஸ்பீக்கருக்குள் போனால், அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் வளைந்து, அதே இடத்தில் மூச்சு விட்டுக்கொண்டு ஒரு முழுக் குரல் இருந்தது. அப்பா! அவள்தான். வாசலில் நின்று என்னைக் கூப்பிடுவாளே, அந்தக் குரல். அத்தான் வாயைத் திறந்தபடி ஸ்பீக்கரை நோக்கி முன்னால் சாய்ந்தார்.

அக்காவுக்கு மூச்சு முட்டியது, நிறுத்தினாள். நிறுத்திய மறுகணம் அந்தக் குரல் எட்டோடு எட்டாகக் கலந்துவிட்டது. எவ்வளவு உற்றுக் கேட்டும் மறுபடி பிடிபடவில்லை. அத்தான் கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார்.

"போயிட்டா" என்றார் ஸ்பீக்கரைப் பார்த்து.

"இங்கதாங்க இருக்கேன்" என்றாள் அக்கா.

பாட்டுச் சத்தத்தில் அது அவர் காதில் விழவில்லை. அவர் திரும்பவும் இல்லை. அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டு அவர் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அவர் மேலா, அந்த மிஷின் மேலா, தெரியவில்லை. எழுந்து போய்ப் பிளேயரை அணைத்தேன்.

"ஏன்டா?" என்று திரும்பினார் அத்தான்.

"அக்கா, நீ சொன்னதை இன்னொரு தடவை சொல்லு" என்றேன்.

சொன்னாள். இந்த முறை அவருக்குக் கேட்டது.